முதல் தண்ணீர்

ஜூன் 3, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக வாசல் குழிக்குத்தான் ஓடினேன். ஐந்து மணிக்குக் குழாய் உறுமியது. ஒன்பது நாள் காய்ந்து கிடந்த குழாய். முதலில் காற்று, பிறகு துப்பல், பிறகு தண்ணீர்.

எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் தரைமட்டத்துக்கு ஏறி வராது. அதனால் வாசலுக்கு வாசல் மூன்றடிக் குழி தோண்டி, குழாயைக் கீழே இறக்கி வைத்திருக்கிறோம். எந்த நாள், எந்த நேரம் விடுவார்கள் என்று தெரியாது. குழாயை மூடாமல் வைத்தால்தான் உறுமல் கேட்டு எழ முடியும்.

ஹோஸை மாட்டி, எப்போதும்போல முதல் பதினைந்து நிமிடத் தண்ணீரை லைன் வீட்டுத் தொட்டிக்கு விட்டேன். தெளிந்து வந்ததும் எங்கள் தொட்டிக்குத் திருப்பினேன். அது நிரம்பும் முன்பே நின்றுவிட்டது.

லைன் வீடு என்பது எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் மூன்று ஒற்றை அறை வீடுகள். முதல் வீட்டில் ஒடிசாக்காரர்கள் நான்கு பேர். சாப்பாடு, குளியல் எல்லாம் கம்பெனியில். இங்கே தூங்க மட்டும் வருவார்கள். நடு வீட்டில் என் கணவருடைய லேபிள் கடை அட்டைப்பெட்டிகள். மூன்றாவதில் முனீஸ்வரியும் காளிராஜும், அவர்களுடைய ஒன்றேகால் வயது கனிஷ்காவும். சாத்தூர்ப் பக்கம். அவள் பனியன் கம்பெனியில் பகல் செக்கிங், தைத்த துணியில் குறை பார்க்கும் வேலை. அவன் சாயப்பட்டறையில் இரவு ஷிப்ட். குழந்தையைக் காலையில் அவள் கையிலிருந்து அவன் வாங்கிக்கொள்வான், மாலையில் திருப்பிக் கொடுப்பான்.

மகளுக்கு ஹாஸ்டலுக்குப் பொடி இடித்து அனுப்ப வேண்டும். மறக்கக் கூடாது.

ஜூன் 5, வியாழன்

முனீஸ்வரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, விடிஞ்சதுலருந்து ஆறு தடவ போயிருச்சு. தண்ணி தண்ணியாப் போகுது."

"பல்லு மொளைக்குதா பாரு."

விரலை விட்டுத் தடவினாள். "கீழ ஒண்ணு முட்டுறாப்லதான் இருக்கு."

"அப்ப அதுதான். பல்லு வர்றப்ப வயித்தால போகத்தான் செய்யும். ஜவ்வரிசிக் கஞ்சி குடு, நின்னுரும்."

அவள் முகம் தெளிந்தது. நான் பி.எஸ்சி. படித்தவள் என்பதில் அவளுக்கு என்னைவிட நம்பிக்கை அதிகம்.

ஜூன் 6, வெள்ளி

பின்பக்கக் கொடியில் பழைய சேலையைக் கிழித்த துண்டுகள், காலையில் பதினொன்று. மாலையில் எண்ணவில்லை, இடமில்லாமல் மதில்மேலும் போட்டிருந்தாள். அவள் வேலைக்குப் போகவில்லை. போனில் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது சமையலறைவரை கேட்டது. "நாளைக்கு வந்துருவேண்ணே, சத்தியமா வந்துருவேன்."

வாடை வருகிறது. ஜன்னலைச் சாத்தினேன்.

ஜூன் 8, ஞாயிறு

"அக்கா, இந்த ஊர்ல தொக்கம் எடுக்கிறவுக யாராச்சும் இருக்காகளா?" என்று முனீஸ்வரி கேட்டாள். குழந்தை தின்றது ஏதாவது உள்ளே ஒட்டிக்கொண்டு கிடக்குமாம். அதைத் தொக்கம் என்பார்களாம். தெரிந்தவர்கள் வயிற்றை நீவி, வாயால் ஊதி எடுத்துவிடுவார்களாம். அவள் ஊரில் ஒரு கிழவர் இருக்கிறாராம்.

எனக்குக் கோபம் வந்தது. "இந்தக் காலத்துல இருந்துட்டு என்ன பேச்சுப் பேசற? இதெல்லாம் கிருமி. கண்ணுக்குத் தெரியாது. கையிலிருந்துதான் கொழந்தை வாய்க்குப் போகும்."

உள்ளே போய்ப் புதுச் சோப்பு ஒன்றைப் பிரித்து எடுத்து வந்தேன். விரல் இடுக்கு, நக இடுக்கு, இருபது எண்ணும்வரை தேய்க்க வேண்டும் என்று என் கையிலேயே செய்து காட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். கல்லூரியில் விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் அமீபா வரைந்து பாராட்டு வாங்கியதையும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"இனிமே பத்து தடவ கழுவுறேங்க்கா," என்றாள். எனக்குத் திருப்தியாக இருந்தது. ஒரு குடும்பத்துக்கு நல்ல பழக்கம் ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

குழந்தைக்குப் பரவாயில்லை. கொடியில் இரண்டு துணிதான். முனீஸ்வரி வேலைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 12, வியாழன்

ஆறேகாலுக்குத் தண்ணீர் வந்தது. முதல் தண்ணீர் லைனுக்கு, பிறகு நமக்கு. இட்லிக்கு ஊறப் போட்டேன். அரிசி மில்லில் கூட்டம்.

ஜூன் 14, சனி

மறுபடியும். இந்த முறை வாந்தியும் சேர்ந்துகொண்டது. காளிராஜ் இரவு முழுக்கச் சாய டிரம்மோடு நின்றுவிட்டு வந்தவன், தூங்காமல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தான். சட்டையின் முதுகில் ஈரம் ஓடியிருந்தது. மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை அவனுக்கு.

மதியம் முனீஸ்வரி கம்பெனியிலிருந்து ஓடி வந்து சுகாதார மையத்துக்குக் கொண்டு போனாள். ஏழு கிலோ நானூறு. இந்த வயதுக்குக் குறைவு என்று நர்ஸ் அட்டையில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே புள்ளி வைத்தாளாம். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் பதினான்கு நாளைக்கு ஜிங்க் மாத்திரையும் தந்திருக்கிறார்கள்.

அவள் முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"முனீஸ்வரி! அது ஒரு லிட்டருக்கு."

"மருந்து தண்ணியாப் போயிருமேன்னு பாத்தேங்க்கா. கெட்டியாக் குடுத்தா சட்டுன்னு கேக்கும்ல?"

தடுத்து, லிட்டர் பாட்டிலில் அளந்து கரைக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவள் தன் குடத்தைச் சாய்க்கப் போனாள். இரு என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக் கேன் தண்ணீரைக் கொண்டு வந்து ஊற்றினேன். கேன் வீட்டில் இருந்தது, எடுத்து வந்தேன். அவ்வளவுதான்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் ஒரு குடம் கேன் தண்ணீர் கொடுத்தேன். குழந்தைக்கு இதையே கொடு, கஞ்சிக்கும் இதையே ஊற்று என்றேன்.

ஜூன் 16, திங்கள்

சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை. காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

"எவ்வளவு நேரந்தான் முழிச்சுக் கெடக்க? நேத்து நின்னபடியே தூங்கிட்டேன். ஒரு லாட் துணி போச்சு. மேனேஜர் கைய நீட்டலங்கிறது ஒண்ணுதான் கொற."

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

"நீ வேலைக்கிப் போகாம வீட்ல இரு."

"ஒத்தச் சம்பளத்துல இந்த ஊர்ல குடியிருக்க முடியுமா? அதுக்கு ஊருக்கே போயிருக்கலாம்."

"அப்ப பிள்ளைய ஒழுங்காப் பாரு. தெருவுல எத்தன பிள்ளைக இருக்கு, எல்லாத்துக்குமா இப்பிடிப் போகுது? ஒங்கை சுத்தமில்ல."

அதன்பின் அவள் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்க்கும் சத்தம் கேட்டது. நெடுநேரம்.

ஜூன் 19, வியாழன்

இன்று சிரிக்கும்படியான ஒரு செய்தி. கனிஷ்கா இரண்டடி நடந்தாள். மதிலைப் பிடித்தபடி நின்றவள் கையை விட்டாள், இரண்டடி வைத்தாள், மூன்றாவதில் உட்கார்ந்துவிட்டு எங்களையே குற்றம் சொல்வதுபோல முறைத்தாள்.

"ஆத்தாடி, என்னா பார்வை! இவுக அத்தை பஞ்சவர்ணம் அப்பிடியே வந்து எறங்கிட்டாக," என்றாள் முனீஸ்வரி. பஞ்சவர்ணம் காளிராஜின் அக்கா. பார்வையிலேயே பாலைத் திரிய வைப்பாளாம்.

ஐந்து நாளாக வயிறு ஒழுங்காக இருக்கிறது. ரசம் சாதம் கேட்டு அடம் பிடிக்கிறது. முனீஸ்வரி தலை வாரிப் பூ வைத்திருந்தாள். இந்த மாதத்தில் அவளை அப்படிப் பார்ப்பது இன்றுதான்.

"ஒங்க கைராசிக்கா. நீங்க தண்ணி குடுத்தீக, பிள்ள எந்திரிச்சுட்டா."

"போடி," என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

சாப்பிடும்போது இவர் கேட்டார். "வாரத்துக்கு ரெண்டு கேன்தான ஆகும்? இந்த வாரம் நாலு போட்டிருக்கறான்?"

"முனீஸ்வரி கொழந்தைக்குக் குடுத்தனுங்க."

"குடு, வேண்டாங்கல. ஆனா ஒண்ணு யோசன பண்ணிக்கோ. வீட்டுக்காரங்களே கேன் தண்ணி குடுத்தா என்ன அர்த்தம்? உங்க தொட்டித் தண்ணி ஆகாதான்னு நாளைக்கு வாடகைக்கு வர்றவன் கேப்பான். நாமளே நம்ம வாயால சொன்ன மாதிரி ஆயிரும்."

அது எனக்குத் தோன்றவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மாலையில் முனீஸ்வரி குடத்தோடு வந்தாள். கேன்காரன் வரவில்லை என்று சொன்னேன். அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் சமையலறையில் இருக்கும் கேன் தெரியாது.

ஜூன் 21, சனி

ஐந்தரைக்குத் தண்ணீர். முதல் பதினைந்து நிமிடம் லைனுக்கு. கொஞ்சம் கலங்கல். பிறகு நமக்கு. நின்றதும் குழாய் ஒரு மிடறு விழுங்குவதுபோலச் சத்தம் போட்டது. எப்போதும் அப்படித்தான்.

ஜூன் 23, திங்கள்

குழந்தைக்கு மறுபடியும் போக ஆரம்பித்துவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

காலை பத்து மணிக்கு முனீஸ்வரி கதவைத் தட்டவில்லை, அறைந்தாள். "அக்கா, பிள்ள அழுகுது, கண்ணீரே வரல."

நான் வாங்கிப் பார்த்தேன். கண் உள்ளே போயிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. அழுகிறது என்று வாயைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், குரல் இல்லை. ஆட்டோவில் என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு துணிப்பையின் கனம்தான் இருந்தது. முனீஸ்வரி ஆட்டோக்காரரிடம், "அண்ணே, அண்ணே," என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். அவரும் வேறு எதுவும் கேட்கவில்லை, சிக்னலில் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே போனார்.

பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். மடிப்பு அப்படியே நின்றது.

"யூரின் எப்பப் போச்சு?"

"நேத்துச் சாயங்காலங்க."

"இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டு இருந்த? பால் பாட்டில்ல குடுக்கறயா? கை கழுவறயா?"

"கழுவுறேங்க. சோப்புப் போட்டுத்தாங்க." முனீஸ்வரி இரண்டு கையையும் நீட்டினாள். விரல் நுனிகள் வெளுத்துப் பிளந்திருந்தன. கணுக்களில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"என்ன தண்ணிம்மா குடிக்கறீங்க?"

"நல்ல தண்ணிதாங்க. அக்கா வீட்டுத் தொட்டி." என் பக்கம் திரும்பினாள், நான் சாட்சி சொல்ல வேண்டும் என்பதுபோல.

நான் தலையாட்டினேன்.

கையில் நரம்பு கிடைக்கவில்லை. காலில் தேடினார்கள். கடைசியில் தலையில் ஒரு பக்கம் முடியை மழித்து ஊசி ஏற்றினார்கள். முனீஸ்வரி அந்த முடியைக் கீழேயிருந்து பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். குலதெய்வத்துக்கு இறக்க வேண்டிய முதல் முடி.

ஜூன் 25, புதன்

ஆஸ்பத்திரிக்குச் சாதம் கொண்டு போனேன். குழந்தை கண்ணைத் திறக்கிறது. ஆறு கிலோ எழுநூறு. பிழைத்துவிடும் என்கிறார் டாக்டர். ஆனால் இப்படி மாதத்துக்கு இரண்டு தடவை வந்தால் உடம்பு வளராது, இன்னொரு தடவை தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

முனீஸ்வரியின் செக்கிங் டேபிளுக்கு வேறொரு பெண் வந்துவிட்டாளாம். சூப்பர்வைசர் போனில் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு மூடி வைத்துவிட்டாள். காளிராஜ் வராந்தாவில் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஷிப்ட் போய் மூன்று நாள் ஆகிறது.

ஜூன் 26, வியாழன்

காலையில் வேலை ஓடவில்லை. இந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.

மூன்றாம் தேதி தண்ணீர் வந்திருக்கிறது, ஐந்தாம் தேதி குழந்தைக்குப் போயிருக்கிறது. பன்னிரண்டு தண்ணீர், பதினான்கு குழந்தை. இருபத்தொன்று, இருபத்துமூன்று. என் கையெழுத்து. இட்லி மாவுக்கும் அரிசி மில்லுக்கும் நடுவில் நானே எழுதி வைத்திருக்கிறேன். நடுவில் ஆறு நாள் நான் கேன் தண்ணீர் கொடுத்தேன். அந்த ஆறு நாளில்தான் இரண்டடி நடந்தாள்.

வாசலுக்குப் போய்க் குழியின் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். பக்கத்துச் சாக்கடையிலிருந்து கசிந்து முழங்கால் அளவு தேங்கியிருந்தது. சாம்பல் நிறம், மேலே நுரை. குழாயின் திறந்த வாய் அதற்குள் மூழ்கியிருந்தது. தண்ணீர் விடும் நாளில் வழிந்து தேங்கியது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். சப்ளை நின்றதும் வெற்றுக் குழாய் இதைத்தான் உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது. அந்த விழுங்கல் சத்தம் இதுதான். அடுத்த முறை விடும்போது முதலில் வெளியே வருவது இதுதான்.

அந்த முதல் தண்ணீரை எங்கே விட வேண்டும் என்று கல்யாணமாகி வந்த புதிதில் இவர் சொல்லிக் கொடுத்தார். கலங்கலாக வரும், நம் தொட்டிக்கு வேண்டாம், வீணாக்கவும் வேண்டாம், லைனுக்குத் திருப்பிவிடு. இருபத்திரண்டு வருடமாகத் திருப்பிவிடுகிறேன். கலங்கல் என்று தெரிந்துதானே திருப்பினேன்?

நான்கு வருடத்துக்கு முன் அதே மூன்றாம் வீட்டில் மாசிலாமணி குடும்பம் இருந்தது. அவர்களுக்கும் கைக்குழந்தை, அதற்கும் வயிறு. அப்போதும் பல் என்றுதான் சொன்னேன். ஊருக்குக் கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை. அந்த மனிதர் மட்டும் வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார். குழந்தை எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போது எழுதப் பார்க்கிறேன். வரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், சுகாதார ஆய்வாளர் வந்தார். தெருமுனையில் அவரைப் பார்த்ததுமே இவர் குழிமேல் கடப்பாக்கல்லைப் போட்டு, இரண்டு செம்பருத்தித் தொட்டிகளை நகர்த்தி வைத்துவிட்டார். தொட்டியை இழுத்த தடம் தெரியாமல் தண்ணீர் தெளித்தது நான்.

"வாசல்ல குழி ஏதாச்சும் வச்சிருக்கீங்களா? குழியெல்லாம் மூடச் சொல்லி நோட்டீஸ் குடுத்திருக்குது," என்றார் ஆய்வாளர்.

"அதெல்லாம் எப்பவோ மூடியாச்சுங்க," என்றார் இவர்.

அவர் நல்ல மனிதர். பெண்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நினைப்பவர்போல. என்னிடம் திரும்பினார். "ஏனுங்கம்மா, குழி இல்லீங்களா?"

"இல்லீங்க," என்றேன்.

மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, லைன் வீட்டுத் தொட்டிக்குக் குளோரின் மாத்திரை நான்கு தந்துவிட்டுப் போனார்.

ஜூன் 28, சனி

இவரிடம் பேசினேன். தேதிகளைச் சொன்னேன்.

"நீ என்ன வெஷமா கலந்த?" என்றார். கத்தவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். "தெருவே இந்தத் தண்ணியத்தான் குடிக்குது. ஊருல இருக்கற கொழந்தைக்கெல்லாம் வயித்தால போறதுக்கு நாமளா பொணை?"

"தெருவுல எல்லாரும் மொதத் தண்ணிய வெளிய விடறாங்க. நாம அவங்களுக்கு விடறோம்."

துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "சரி, இனிமே வெளிய விடு. குழியையும் மூடிரலாம். ஆனா நடந்ததப் போயி அவங்ககிட்டச் சொல்லி என்னத்துக்கு ஆகப் போகுது? அவன் நாலு பேரக் கூட்டியாந்து வாசல்ல நின்னா? நம்ம புள்ளைக்கு மாப்பிள்ள பாக்கற நேரம். கொழந்தைதான் பொழச்சுக்கிச்சு இல்ல?"

கேட்டுக்கொண்டேன். வாய்க்குள் ஒரு நிம்மதி ஊறியது. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இனிமேல் சரியாக நடந்தால் போதும், சொல்ல வேண்டியதில்லை. சிறிய கல்லைத் தூக்கி வைப்பதுபோல எளிதாக இருந்தது.

ஜூன் 30, திங்கள்

குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். சாத்தூரிலிருந்து பஞ்சவர்ணமும் வந்திருக்கிறாள். முரட்டுப் பெண் என்று நினைத்திருந்தேன். குழந்தையை வாங்கியதும் மழித்த தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அவள் நின்ற நிலையைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதன்பின் நிமிர்ந்து பேச ஆரம்பித்தாள்.

"ஏ முனீசு, ஒரு பிள்ளைய வளக்கத் தெரியல, ஒனக்கு வேல ஒரு கேடா? எந்தம்பி தூங்காம எலும்பா நிக்கான். பிள்ள கோழிக்குஞ்சு கணக்கா இருக்கு. நாளைக்கு எங்கூடக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு வருசம் எங்கிட்ட இருக்கட்டும். பாலையும் மறக்கட்டும்."

"மதினி…" என்றாள் முனீஸ்வரி.

"நீ பேசாத. ஒங்கைக்குத்தான் பிள்ள தங்கல."

காளிராஜ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனுக்கும் ஒரு இரவு தூங்கினால் போதும் என்றிருக்கும்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "கொழந்தை அம்மாகிட்ட இருக்கறதுதான் நல்லது," என்றேன். ஊரெல்லாம் சொல்லும் பேச்சு. பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தாள். "நீங்க படிச்சவுக, சொல்லுவீக. பொழைக்கணும்ல?"

சாயங்காலம் முனீஸ்வரி பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். தேய்த்துத் தேய்த்துப் பாத்திரம் பளபளத்தது.

"விட்டுருவியா?" என்று கேட்டேன்.

"மதினி சொல்றது நெசந்தாங்க்கா. எங்கையிலதான் என்னமோ இருக்கு. நீங்க சொன்னாப்லதான் கழுவுனேன். விரல் இடுக்கு, நக இடுக்கு, இருபது எண்ணுறவரைக்கும். எத்தன கழுவுனாலும் போக மாட்டேங்குது. இந்தக் கையால அவளுக்கு ஊட்டவே பயமா இருக்கு. நேத்து ஆஸ்பத்திரியில கரண்டியாலதான் குடுத்தேன், தொடல. மதினிகிட்ட வளந்தாப் பொழச்சுக்கிருவா."

கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு போனாள்.

ஜூலை 1, செவ்வாய்

காலை எட்டு மணி. மதுரை பஸ் பதினொன்றுக்கு. இவர் கடைக்குப் போய்விட்டார். பின்னால் பஞ்சவர்ணம் குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைக்கிறாள். முனீஸ்வரி பால் கொடுக்கிறாள். கடைசியாக இருக்கட்டும் என்று மதினி அனுமதி கொடுத்திருக்கிறாள். அதுவும் சுவர் வழியாகக் கேட்டது.

நேற்றிலிருந்து ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்குப் போனால் குழந்தை தேறும். நிச்சயம் தேறும், வேறு தண்ணீர். அது தேறத் தேற முனீஸ்வரியின் கைதான் காரணம் என்று எல்லாரும் உறுதியாகச் சொல்வார்கள். அவளும் சொல்வாள். இன்னொரு குழந்தை பிறந்தாலும் தொட மாட்டாள். நாங்கள் குழியை மூடிவிடுவோம், முதல் தண்ணீரைத் தெருவில் விடுவோம், எல்லாம் சரியாகிவிடும். அவளுக்கு மட்டும் எதுவும் சரியாகாது. சரியானது ஏன் என்பதே அவளுக்குத் தெரியாது.

என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். "தண்ணீரில் ஏதோ கோளாறு இருந்திருக்கிறது" என்று வந்தது. கிழித்துவிட்டேன். "குழிக்குள் சாக்கடை இறங்கியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை" என்று வந்தது. அதையும் கிழித்தேன். கவனித்தேன். நிறத்தைப் பார்த்துத்தான் ஹோஸைத் திருப்பினேன், இருபத்திரண்டு வருடம்.

காளிராஜ் என்ன செய்வான் என்று தெரியாது. தெருவே வந்து நிற்கலாம். இவர் என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பார் என்றும் தெரியாது. பஞ்சவர்ணம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்த வீட்டில் குழந்தையை விடவே மாட்டேன் என்று கூட்டிக்கொண்டு போகலாம். அப்படிப் போனால் முனீஸ்வரியும் கூடவே போகட்டும். ஆனால் தன் கையைப் பார்த்துப் பயந்துகொண்டு போகக் கூடாது.

பால் குடித்து முடித்ததும் போவேன். முனீஸ்வரி, காளிராஜ், பஞ்சவர்ணம், மூன்று பேரும் இருக்கும்போதே. கல்லை நகர்த்திக் குழியைக் காட்டுவேன். இந்த நோட்டையும் எடுத்துப் போகிறேன், தேதி தேதியாக முனீஸ்வரியே படித்துக்கொள்ளட்டும். அவள் பத்தாவது வரை படித்தவள். என்னால் சொல்லி முடிக்க முடியாமல் போனாலும் என் கையெழுத்து சொல்லும். பிறகு ஆய்வாளருக்குப் போன் செய்து, அன்று நான் சொன்னது பொய் என்பேன்.

நான் சொல்லப் போவது இவருக்கு இன்னும் தெரியாது. யாருக்கும் தெரியாது. எட்டே முக்கால் ஆகிறது. குழந்தை இன்னும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது.